சாரல் வருகிற வழியில் ஒரு தண்டவாளம்

குற்றாலத்தைப் பத்தி எழுதாத பதிவர் யாராவது இருக்கீங்களா? பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், எண்ணெய் மசாஜ், குரங்கு பிடுங்கிட்டுப் போன பஜ்ஜி, கடைசியா பார்டர் புரோட்டா. வருஷா வருஷம் ஜூன் பிறந்தா இந்த வரிசையிலேயே நாலு பதிவு வந்துடும். நல்லாத்தான் இருக்கு, குறை சொல்லல. ஆனா அந்தச் சாரல் எந்த வழியா வருதுன்னு யாரும் எழுதின மாதிரி தெரியல.

தென்காசியில நின்னு மேற்கே பாத்தா மலை சுவர் மாதிரி நிக்கும். செங்கோட்டைக்கு மேற்கே மட்டும் அந்தச் சுவர் கொஞ்சம் தணிஞ்சு ஒரு வாசல் விட்டிருக்கும். ஆரியங்காவு கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துல மழையைக் கொட்டிட்டு, மிச்ச ஈரத்தோட இந்த வாசல் வழியா எட்டிப் பாக்குது. அதைத்தான் நாம சாரல்ங்கிறோம். அதே வாசல் வழியாத்தான் மாட்டு வண்டி போச்சு, ஐயப்ப பக்தர்கள் போனாங்க, இன்னிக்கு லாரி போகுது. 1904லிருந்து ரயிலும் போகுது.

அந்த ரயில் பாதையைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

யூட்யூபில் "செங்கோட்டை புனலூர் ரயில்" என்று தேடினால் வந்து கொட்டும். பதின்மூன்று கண் பாலம், குகை, பச்சை மலை, பின்னணியில் இளையராஜா. பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் வேடிக்கை பார்க்கிறதுக்காக யாரும் அந்தக் காலத்தில் மலையைக் குடையவில்லை. மூட்டை ஏற்றத்தான் குடைந்தார்கள்.

கொல்லம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வியாபாரத் தலைநகரம். மிளகு, கயிறு, மரம், பிற்பாடு தேயிலை, முந்திரி. புனலூரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காகித ஆலை வந்துவிட்டது. சரக்கு அத்தனையும் அந்தப் பக்கம். மதராசுக்குப் போகும் தண்டவாளமோ இந்தப் பக்கம். திருநெல்வேலிக்கு 1876லேயே ரயில் வந்துவிட்டது. நடுவில் மலை. அதனால் திருவிதாங்கூர் அரசும், மதராஸ் அரசாங்கமும், தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் கைகோத்து வேலையைத் தொடங்கின. அப்போது மகாராஜா மூலம் திருநாள்.

இந்தப் பக்கம் வேலை சுலபம், தட்டையான பூமி. 1902இல் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை, 1903இல் செங்கோட்டை வரை ரயில் வந்துவிட்டது. தென்காசி முதன்முதலில் ரயிலைப் பார்த்தது அப்போதுதான். (நடுவில் கீழக்கடையம் ஸ்டேஷன். பாரதியின் மாமனார் ஊர் கடையத்துக்கு இறங்க வேண்டிய இடம். அதற்குத் தனிப் பதிவு போடலாம், இப்ப வேண்டாம்.)

அந்தப் பக்கம் 1904 ஜூன் 1ஆம் தேதி கொல்லத்திலிருந்து புனலூர் வரை பாதை திறந்தாகிவிட்டது. மிச்சம் புனலூர் - செங்கோட்டை, 49 கிலோமீட்டர். அதுதான் மலை.

மலைத் துண்டு திறக்கும் முன்னால் கொல்லத்தில் ரயில் ஓட எஞ்சின் எப்படி வந்தது? இதுக்கு கொல்லம் பக்கம் ஒரு கதை சொல்வாங்க. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றி, கொல்லம் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார்களாம். முதல் எஞ்சினே கடைசியில் மாட்டு வண்டியில்தான் வந்திருக்கு பாருங்க :-)

1904 நவம்பர் 26ஆம் தேதி மலைத் துண்டும் திறந்தது. கொல்லத்திலிருந்து செங்கோட்டை வரை முழுசாக, சுமார் 94 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை.

அந்த மலைத் துண்டை எப்படிப் போட்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஆற்றைப் பார்க்க வேண்டும். பகவதிபுரம் தாண்டியதும் நீளமான குகை ஒன்று வரும். அந்தக் குகைக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை குற்றாலத்துச் சிற்றாறு, செங்கோட்டைக்கு வரும் அனுமன் நதி என்று சேர்ந்து, தாமிரபரணியோடு கலந்து கிழக்கே கடலுக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுகிற மழை கழுதுருட்டி ஆறாகி, கல்லடையாற்றில் சேர்ந்து, கொல்லத்து அஷ்டமுடிக் காயலுக்குப் போகிறது. குகைக்குள் நுழையும்போது நாம் ஒரு கடலின் பக்கம் இருக்கிறோம், வெளியே வரும்போது இன்னொரு கடலின் பக்கம். மாநிலமும் அங்கேதான் மாறுகிறது.

குகையைத் தாண்டினபிறகு பாதைக்கு வழி சொல்வது ஆறுதான். ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண், புனலூர்... ஆறு எப்படி மலையைச் சுற்றி இறங்குகிறதோ கிட்டத்தட்ட அப்படியே தண்டவாளமும் இறங்குகிறது. தண்ணிக்குத்தானே தெரியும் சரிவு எங்க கம்மின்னு? சர்வே பண்ணினவர்கள் அதன் பின்னாலேயே போயிருக்கிறார்கள். ஆறு ரொம்ப வளைகிற இடத்தில் மட்டும் குகை குடைந்தார்கள், பள்ளம் விழுந்த இடத்தில் பாலம் கட்டினார்கள். அப்படி ஒரு பள்ளத்தில் நிற்பதுதான் கழுதுருட்டி பக்கத்தில் இருக்கும் பதின்மூன்று கண் பாலம். மலையாளத்தில் பதிமூணு கண்ணறப் பாலம். கருங்கல் தூண்கள், மேலே வளைவுகள். சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பும் சர்க்கரையும் குழைத்த சாந்து என்பார்கள். கீழே ரோடு, அதுக்கும் கீழே ஆறு.

சும்மா இல்லை, நூறு வருஷத்துக்கு மேல சுமை தாங்கின தூண்கள் அவை.

இன்னொரு சங்கதியும் நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். 1904 முதல் 1950களின் கடைசி வரை தெற்குத் திருவிதாங்கூருக்கு வெளியுலக ரயில் தொடர்பு என்றால் அது இந்த ஒரே பாதைதான். 1918இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நீட்டினார்கள். திருவனந்தபுரத்துக்காரர் ரயிலிலேயே மதராஸ் போக வேண்டுமென்றால் கொல்லம் வந்து, மலையேறி, செங்கோட்டை, தென்காசி வழியாகத்தான் போக வேண்டும். கொல்லத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவில் 1958 வரை தண்டவாளமே முழுமையாகவில்லை. யோசிச்சுப் பாருங்க, ஒரு சமஸ்தானத்தோட தபால், துணிமணி, அதிகாரிகள், படிக்கப் போற பையன்கள், எல்லாம் நம்ம தென்காசி பிளாட்பாரத்தைத் தாண்டித்தான் போயிருக்கு.

அதில் செங்கோட்டைக்கு இன்னொரு விசேஷம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது, பிறகு திரு-கொச்சி மாநிலத்தோடு. மொழிவாரி மாநிலம் பிரிந்தபோதுதான் நமக்கு வந்தது. புரோட்டா சாப்பிடப் போவோமே பிரானூர் பார்டர், அதுக்கு ஏன் பார்டர்னு பேருன்னு வெளியூர் நண்பர்கள் கேப்பாங்க. கேரளா பார்டர் புளியரை தாண்டியில்ல இருக்கு? ஆமா. பிரானூர் பார்டர்ங்கிறது பழைய பார்டர். தென்காசி பக்கம் பிரிட்டிஷ் இந்தியா, செங்கோட்டை பக்கம் திருவிதாங்கூர். எல்லை மலைக்கு நகர்ந்து எழுபது வருஷம் ஆகப்போகுது, பேர் மட்டும் இன்னும் சால்னா வாசத்தோட அங்கேயே நிக்குது. பக்கத்திலேயே வரிசையாக மர அறுவை மில்கள் இருக்கே, அதுவும் மலைக்கு அந்தப் பக்கத்து மரத்தால் வளர்ந்த தொழில்தான்.

வாஞ்சிநாதனும் இந்தப் பாதைக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் செங்கோட்டை, வேலை புனலூரில் வன இலாகாவில். ஊருக்கும் வேலைக்கும் நடுவில் ஓடியது இந்த ரயில். 1911 ஜூன் 17ஆம் தேதி அவர் கலெக்டர் ஆஷைச் சுட்டது மணியாச்சி ஸ்டேஷனில், ரயில் பெட்டிக்குள். பாடப்புத்தகத்தில் அந்த ஒரு நாள்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி எத்தனை தடவை அந்த மனுஷன் குகை இருட்டுல உக்காந்து யோசிச்சிருப்பாருன்னு நான் நினைச்சுக்குவேன். அது என் கற்பனை, வரலாறு இல்ல.

சரி, எங்க வீட்டு சரக்குக்கு வருவோம்.

எங்க பெரியம்மாவை புனலூர்ல கட்டிக் கொடுத்திருந்தது. பெரியப்பாவுக்கு அங்க பலசரக்குக் கடை. தமிழ்க் குடும்பம்தான், அந்தப் பக்கம் நம்ம ஆட்கள் நிறைய. பெரியம்மாவுக்கு அங்கே எல்லாம் பிடித்தது, அந்தச் சிவப்பு அரிசியைத் தவிர. "தொண்டைல இறங்க மாட்டேங்கு தம்பி" என்பாள் கடைசி வரைக்கும். அதனால் எங்க ஆச்சி மாசா மாசம் அம்பை 16 அரிசி ஒரு சிப்பம் கட்டிவிடுவாள். கூடவே மிளகாய் வத்தல், கூழ்வத்தல், கருப்பட்டி. அங்கிருந்து திரும்பும்போது பலாப்பழம், நேந்திரங்காய் சிப்ஸ், மரச்சீனிக் கிழங்கு. லீவு விட்டால் இந்தப் போக்குவரத்துக்கு கூட்ஸ் கிளார்க் நான்தான்.

மீட்டர் கேஜ் பெட்டி சின்னது. எதிர் சீட்டுக்காரர் முட்டி நம்ம முட்டியில இடிக்கும். அரிசி சிப்பத்தை சீட்டுக்கு அடியில தள்ளிட்டா காலை வைக்க இடமிருக்காது, சிப்பத்து மேலேயே வச்சுக்கணும். செங்கோட்டை தாண்டினதும் பின்னாடி இன்னொரு எஞ்சின் மாட்டித் தள்ளும். முன்னாடி ஒண்ணு இழுக்கும், பின்னாடி ஒண்ணு முக்கும். குகை வந்தா பிள்ளைங்க எல்லாம் கத்தணும், அது சட்டம். தென்மலைக்கிட்ட எப்பவும் யாராவது ஒரு அம்மா மல்லிப்பூக் கூடையோட இறங்குவாங்க. கோழி, தேங்காய், பாய், இரும்புப் பெட்டி... பாசஞ்சர் வண்டின்னு பேரு, பாதிக்கு மேல சரக்குதான். கம்பெனிக்காரன் 1904ல என்ன நினைச்சுப் போட்டானோ அதைத்தான் நாங்களும் சின்ன அளவுல செஞ்சுக்கிட்டிருந்தோம்.

மார்கழியில் வேறு ஒரு கூட்டம் ஏறும். ஆரியங்காவு சாஸ்தாவுக்குத் திருக்கல்யாணம். மணப்பெண் புஷ்கலா தேவி மதுரை சௌராஷ்டிர சமூகத்துப் பெண் என்பது ஐதீகம். அதனால் வருஷா வருஷம் மதுரையிலிருந்து பெண் வீட்டார் சீர் வரிசையோடு கிளம்பி வருவார்கள். சாமிக்கே மாமனார் வீடு மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது எங்க பெரியம்மா எம்மாத்திரம்!

பாதையின் மவுசு குறைய ஆரம்பித்தது எங்களுக்குத் தெரியாமலேயே நடந்தது. 1958இல் கோட்டயம் வழியாக எர்ணாகுளம் பாதை சேர்ந்ததுமே கேரளத்துக்கு வேறு வாசல் திறந்துவிட்டது. 1976இல் திருவனந்தபுரம் வரை அகலப்பாதை போய்விட்டது. கொல்லத்தில் ஒரு பக்கம் அகல ரயில், இன்னொரு பக்கம் எங்க குட்டி ரயில். அகலம் 1676 மில்லிமீட்டர், எங்களது 1000. இதில் வந்த சரக்கை அதில் ஏற்ற வேண்டுமென்றால் ஆள் வைத்து இறக்கி மாற்ற வேண்டும். எந்த வியாபாரி அதைச் செய்வான்? லாரிக்காரன் கடை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகிறானே. புனலூர் காகித ஆலையும் நொடித்துப் போனது. சென்னை - மதுரை தடம் அகலமானபோது கொல்லம் மெயிலும் நின்றது. 2004இல் விருதுநகர் - தென்காசி அகலமாகி பொதிகை எக்ஸ்பிரஸ் வந்தபோது ஊரே கொண்டாடியது, நானும்தான். மலைப்பாதையில் மட்டும் பழைய வண்டி தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

2007இல் கொல்லம் - புனலூர் அகலமாக்க மூடினார்கள், 2010 மே மாதம் திறந்தார்கள். அப்புறம் நம்ம துண்டு. 2010 செப்டம்பர் 20 தேதியோடு செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் முடிந்தது.

மூணு வருஷம், மிஞ்சிப் போனா நாலு வருஷம்னு ஊர்ல பேசிக்கிட்டோம். குகைகளை அகலப்படுத்தணும், புதுசாகவும் குடையணும், பழைய பாலங்களை வலுவாக்கணும், வருஷத்துல பாதி நாள் மழை. ஆயிருச்சு ஏழரை வருஷம். எடமணுக்கும் புதிய ஆரியங்காவுக்கும் நடுவில் இருந்த மலைத் துண்டுதான் கடைசியாக முடிந்தது. 2018 மார்ச் மாதம் ரயில் ஓடத் தொடங்கி, ஜூன் 9 அன்று முறைப்படி தொடக்க விழா நடந்தது.

ஏழரை வருஷம் என்பது ரயில்வே கணக்கில் ஒரு திட்டம். எங்க வீட்டுக் கணக்கில் அது வேற.

பஸ் இருக்கத்தானே செய்தது என்பீர்கள். இருந்தது. ஆரியங்காவு மலை ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் பெரியம்மாவுக்குக் குமட்டும். அரிசி சிப்பத்தை பஸ்ஸில் ஏற்ற கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டும். முதல் வருஷம் மாசா மாசம் போனோம். அடுத்த வருஷம் தீபாவளி, பொங்கலுக்கு. அதற்கப்புறம் கல்யாணம், காரியம் என்றால் மட்டும். சண்டையில்லை, மனஸ்தாபம் இல்லை, ஒண்ணுமில்லை. ஆச்சி கட்டிவைத்த சிப்பம் ஒரு தடவை புழு வைக்கும் வரை தார்சாவிலேயே கிடந்தது. ஃபோனில் பேசும்போதெல்லாம் பெரியம்மா கேட்பது, "ரயிலு எப்ப விடுதானாம்?" நானும் பேப்பரில் பார்த்ததைச் சொல்வேன். இந்த குகை முடிஞ்சிருச்சாம், அந்தப் பாலம் பாக்கியாம். 2016இல் பெரியம்மா தவறிப்போனாள். நாங்க வேன் பிடித்துப் போனோம். வழியில் பதின்மூன்று கண் பாலத்துக்குக் கீழே டீ குடிக்க நிறுத்தினார்கள். எங்க சித்தப்பா பாலத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

என் கணிப்பு இது: ஒரு பாதையை மூடினால் சரக்கு வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும், வியாபாரிக்கு அதைச் செய்யத் தெரியும். ஆனால் பதினைந்து கிலோ அரிசிக்கும் ஒரு பலாப்பழத்துக்கும் வேறு வழி கிடையாது.

இப்போது ரயில் ஓடுகிறது. சென்னை எழும்பூர் - கொல்லம் வண்டி ஓடுகிறது, பழைய ஆட்கள் அதைக் கொல்லம் மெயில் என்றே சொல்கிறார்கள். பாலருவி எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. மதுரை - குருவாயூர் வண்டி 2023 ஆகஸ்டிலிருந்து வருகிறது. பின்னால் எஞ்சின் வைத்துத் தள்ளுவது மட்டும் இன்னும் மாறவில்லை, மேடு அதே மேடுதானே. 49 கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது போதவில்லை என்பது வேறு விஷயம்.

சரக்கு? அகலமானபிறகு நானும் பல தடவை போய்விட்டேன், அந்த மலைத் துண்டில் கூட்ஸ் வண்டி ஒன்றைக்கூட என் கண்ணால் பார்த்ததில்லை. இந்தக் காலத்து கூட்ஸ் என்பது ஐம்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகள். அதை அந்த மேட்டில் ஏற்ற எத்தனை எஞ்சின் வேண்டும்!

ஒரு சாயங்காலம் புளியரை செக்போஸ்ட் பக்கம் போய் நின்னு பாருங்க. எம்-சாண்ட், ஜல்லி, பாவூர்சத்திரம் மார்க்கெட் காய்கறி, வைக்கோல். ஒண்ணு பின்னால ஒண்ணா டாரஸ் லாரிகள் எஸ் வளைவுல முக்கி முக்கி ஏறும். ரோடு தாங்கல. செங்கோட்டைக்காரங்க ராத்திரி தூங்க முடியலன்னு புலம்புறாங்க. சரக்குக்காகப் போட்ட பாதையில் சரக்கு இல்லை, பக்கத்து ரோட்டில் அத்தனையும் போகிறது. காய்கறிக்காவது பாசஞ்சர் வண்டியில் ஒரு பெட்டி சேர்த்து விடலாமே என்று எனக்குத் தோன்றும். ஓணத்துக்கு முந்தின பத்து நாள் மட்டும் விட்டால்கூடப் போதும். அந்தக் காலத்து பாசஞ்சர்ல ஏத்தினோமா இல்லையா?

கொசுறு: 2024 ஆகஸ்டில் பாலருவி எக்ஸ்பிரஸை தூத்துக்குடி வரை நீட்டினார்கள். எஞ்சின் கப்பலேறின கதை நிஜமாக இருந்தால், தூத்துக்குடியிலிருந்து தரை வழியாகவே கொல்லத்துக்கு நேர் வண்டி கிடைத்திருக்கிறது. புனலூர் பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டு இதைச் சொன்னேன். "அப்ப மக்ரூன் வாங்கிட்டு வா" என்றார்.